குடிக்கிறவனுக்கு எதற்கு வரைபடம்?

ஒரகடம் கூட்டுரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்குகிற எந்தக் 'குடிமகனை'யும் நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். டாஸ்மாக் கடையைக் கண்டுபிடிக்க அவருக்கு வரைபடம் வேண்டாம், ஜிபிஎஸ் வேண்டாம், பெயர்ப்பலகைகூட வேண்டாம். போன வாரம் ஒடிசாவிலிருந்து ரயிலேறி வந்தவர், தமிழில் ஒரு வார்த்தை தெரியாதவர், அவர்கூடச் சரியாகக் கடை வாசலில் போய் நிற்பார்.

சரி, அதே கூட்டுரோட்டில் இறங்கும் இன்னொருவரை யோசித்துப் பாருங்கள். தென்மாவட்டம் ஒன்றிலிருந்து முதல் வேலைக்கு வந்திருக்கும் இருபது வயதுப் பெண். கம்பெனி பஸ் மெயின்ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுகிறது. ஹாஸ்டலுக்கு உள்ளே நடக்க வேண்டும். எந்த வழியில் கடை இருக்கிறது, எந்த வழியில் பார் இருக்கிறது, எந்தத் திருப்பத்தில் தெருவிளக்கு எரிவதில்லை? இதையெல்லாம் அவர் எங்கே போய்ப் பார்ப்பார்? பிள்ளையைச் சேர்க்கப் பள்ளி தேடும் அப்பா, வாடகைக்கு வீடு தேடும் குடும்பம், தெருமுனையில் திடீரென்று ஷட்டர் போட்டு ஏதோ கட்டுகிறார்களே என்று பதறும் அம்மா... இவர்களெல்லாம் எங்கே பார்ப்பார்கள்?

டாஸ்மாக் கடைகளுக்கு வரைபடம் தேவை. ஆனால் அது தேவைப்படுவது குடிக்கிறவருக்கு அல்ல, குடிக்காதவருக்கு. அதை அரசு போட்டுத் தரும் என்று காத்திருப்பது வீண். ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதியில் வாழ்கிறவர்களும் வேலை பார்க்கிறவர்களும் சேர்ந்து, ஆளுக்கொரு புள்ளியாக வைத்து, அவர்களே போட்டால்தான் உண்டு.

'ஏற்கெனவே இருக்கிறதே!'

இருக்கிறது, உண்மைதான். கூகுள் வரைபடத்தில் டாஸ்மாக் என்று தட்டினால் புள்ளிகள் மழையாகக் கொட்டும். யாரோ ஒரு புண்ணியவான் இடத்தைச் சேர்த்திருப்பார், இன்னொருவர் போட்டோ போட்டிருப்பார், மூன்றாமவர் நட்சத்திரம் கொடுத்து விமர்சனமும் எழுதியிருப்பார். ஆக, கூட்டு முயற்சியில் உருவான டிஜிட்டல் மேப் ஒன்று இருக்கத்தான் செய்கிறது :-) 

ஆனால் அது வாங்குகிறவருக்காக வாங்குகிறவர் போட்ட மேப். கடை எங்கே இருக்கிறது என்று சொல்லும். கடைக்கும் பள்ளிக்கும் எவ்வளவு தூரம், பக்கத்தில் எத்தனை ஹாஸ்டல், கடை எப்போது அங்கே வந்தது என்று ஒரு நாளும் சொல்லாது.

இந்த வகை மேப் எங்கே போய் முடியும் என்பதற்கு அமெரிக்காவில் உதாரணம் இருக்கிறது. கலிபோர்னியாவில் 2008இல் தொடங்கிய 'வீட்மேப்ஸ்' கஞ்சாக் கடைகளை வரைபடத்தில் காட்டும் இணையதளம். அங்கே கஞ்சா சட்டபூர்வமான பிறகும், உரிமம் உள்ள கடையும் இல்லாத கடையும் அந்த மேப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. 2018 பிப்ரவரியில் மாநிலக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. உரிமம் இல்லாதவற்றை நீக்குவோம் என்று நிறுவனம் அறிவித்தது 2019 ஆகஸ்டில்தான். ஏன் இத்தனை தயக்கம்? அந்த மேப்பின் வருமானம் கடைகளிடமிருந்து வருகிறது. காசு கொடுக்கிறவருக்கு வலிக்கிற மாதிரி யார் மேப் போடுவார்கள்?

ஆகவே, 'மேப் இருக்கிறதே' என்று சொல்வது பதில் ஆகாது. மேப் யாருடைய கேள்விக்குப் பதில் சொல்கிறது என்பதுதான் விஷயம்.

50 மீட்டர், 100 மீட்டர், 0 மீட்டர்

டாஸ்மாக் நிறுவனம் 1983இல் தொடங்கப்பட்டது. சில்லறை விற்பனையை அது கையில் எடுத்தது 2003 நவம்பரில். அந்த ஆண்டு வந்த மதுபான சில்லறை விற்பனை விதிகளில் 8ஆவது விதி தூரத்தைப் பற்றிப் பேசுகிறது. மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் வழிபாட்டுத் தலத்துக்கோ கல்வி நிலையத்துக்கோ 50 மீட்டருக்குள் கடை வைக்கக் கூடாது. மற்ற பகுதிகளில் 100 மீட்டருக்குள் வைக்கக் கூடாது. நல்ல விதிதானே என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். விதியோடு சேர்த்தே ஒரு விலக்கும் எழுதப்பட்டது. நகரமைப்பு அதிகாரிகள் 'வணிகப் பகுதி' அல்லது 'தொழிற்பகுதி' என்று குறித்த இடங்களுக்கு இந்தத் தூரக் கட்டுப்பாடு பொருந்தாது!

இந்த விலக்கை ஒரகடத்தில் நின்றுகொண்டு படித்துப் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006இல் வந்து 2014இல் மூடிப்போனது. ஒரகடத்தில் ரெனோ – நிஸான் 2010இல் திறந்தது. பிறகு டெய்ம்லர், ராயல் என்பீல்டு, சுங்குவார்சத்திரம் பக்கம் பாக்ஸ்கான், சாம்சங்... இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஏரிக்கரையும் வயலும் மெல்ல மெல்லத் தொழிற்பகுதியாக மாறிய ஊர்கள் இவை. சட்டத்தில் வண்ணம் மாறினால் தரையில் தூரமும் மாறுகிறது. நேற்று 100 மீட்டர் பாதுகாப்பு இருந்த இடத்துக்கு, நில வகை மாறிய மறுநாள் பாதுகாப்பு பூஜ்யம். ஊரில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எந்த சர்வே எண் எந்த வகை நிலம் என்பது நகரமைப்பு அலுவலகக் கோப்பில் தூங்குகிறது.

இந்த விலக்கை எழுதியவர்கள் மனதில் தொழிற்பகுதி என்றால் இயந்திரம், புகைபோக்கி, லாரி என்று ஒரு படம் இருந்திருக்க வேண்டும். அங்கே மனிதர்கள் சமைப்பார்கள், தூங்குவார்கள், குழந்தை வளர்ப்பார்கள் என்ற நினைப்பே இல்லை. ஆனால் வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த சிப்காட் குடியிருப்பு ஒன்றில் மட்டும் 18,720 பெண்கள் தங்க இடம் இருக்கிறது. 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவு செய்து அரசே கட்டியது. ஒரு சிறிய ஊரே உள்ளே இருக்கிறது! இது போக, கிராமங்களுக்குள் வாடகைக் கட்டடங்களில் இயங்கும் தனியார் ஹாஸ்டல்கள் ஏராளம்.

இப்போது விதியை மறுபடியும் பாருங்கள். கோயில், மசூதி, சர்ச் இருக்கிறது. பள்ளி, கல்லூரி இருக்கிறது. பெண் தொழிலாளர் ஹாஸ்டல் இல்லை. கம்பெனி பஸ் நிற்கும் இடமும் இல்லை. ஷிப்ட் முடிந்து ஆயிரக்கணக்கானவர்கள் வெளியே வரும் தொழிற்சாலைக் கேட்டும் இல்லை. தொழிற்பகுதியில் கோயிலுக்கும் பள்ளிக்கும்கூட விலக்கு என்றால், ஹாஸ்டலைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்? சட்டத்தின் டேப் நீளாத இடத்தில் ஜனங்கள் தாங்களே டேப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அந்த டேப்தான் இந்த மேப்.

எங்கிருந்து எங்கே அளப்பது?

'தூரம்தானே, அதிகாரிகள் அளந்துதானே வைக்கிறார்கள்' என்று நம்புகிறவர்களுக்காக மூன்று கதைகள்.

கதை ஒன்று, கேரளா. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும், 2017 ஏப்ரலில் வடக்குப் பரவூரில் ஒரு பார்க்காரர் என்ன செய்தார் தெரியுமா? பாரை இடம் மாற்றவில்லை. வாசலில் சுவர் எழுப்பி, பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகும் நடைபாதை ஒன்றைக் கட்டினார். நடக்கிற தூரம் கூடிவிட்டது, கணக்கு சரியாகிவிட்டது!

கதை இரண்டு, ஆம்ஸ்டர்டாம். கஞ்சா விற்கும் 'காபி ஷாப்'கள் பள்ளியிலிருந்து 250 மீட்டருக்குள் இருக்கக் கூடாது என்று நகரம் முடிவெடுத்தது. 'மெல்லோ யெல்லோ' என்ற பல பத்தாண்டு பழமையான கடை 2017 தொடக்கத்தில் மூடப்பட்டது. சுமார் 230 மீட்டரில் முடி திருத்தப் பயிற்சி தரும் பள்ளி ஒன்று இருந்ததுதான் காரணம். இருபது மீட்டர் ஒரு கடையின் கதையை முடித்துவிட்டது.

கதை மூன்று, நியூயார்க். 2025 ஜூலையில் அந்த மாநிலத்தின் கஞ்சாக் கட்டுப்பாட்டு அலுவலகமே தலையில் கை வைத்தது. பள்ளிக்கும் கடைக்கும் உள்ள தூரத்தைப் பள்ளியின் வாசலிலிருந்து அளந்து உரிமம் கொடுத்துவந்தார்கள். சட்டப்படி பள்ளி வளாகத்தின் எல்லையிலிருந்து அளந்திருக்க வேண்டும். இந்தப் பிழையில் நூற்றுக்கும் மேற்பட்ட கடைகள் சிக்கின. உரிமம் கொடுத்த அலுவலகமே தப்பாக அளந்திருக்கிறது!

மூன்று கதைக்கும் நீதி ஒன்றுதான். தூரம் என்பது ஒரு எண் மாதிரி தெரியும், உள்ளே போனால் அது ஒரு சண்டை. வாசலா எல்லையா, நேர்கோடா நடைபாதையா என்பதை முடிவு செய்கிறவர் கையில்தான் கடை இருக்கிறது. அளந்த கோடு பொதுவெளியில் இருந்தால் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். கோப்புக்குள் இருந்தால் யாரும் முடியாது.

தமிழ்நாட்டில் இந்தச் சண்டைக்கு உயிரே போயிருக்கிறது. 2015 ஜூலை 31 அன்று கன்னியாகுமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில், ஒரு டாஸ்மாக் கடையை அகற்றச் சொல்லி செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் இறந்துபோனார். ஒரு கடை இடம் மாற, ஒரு மனிதர் கோபுரம் ஏற வேண்டியிருந்தது.

2017இல் நடந்தது ஞாபகம் இருக்கிறதா?

2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலைக் கடைகளுக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. வழக்கின் ஒரு முனையில் இருந்ததே தமிழ்நாடு அரசுதான். மறுமுனையில் வழக்கறிஞர் கே. பாலு. 2017 ஏப்ரல் 1 முதல் மாநிலம் முழுக்க 3,000க்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதியை நினைத்துப் பாருங்கள். சென்னை – பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை, சிங்கபெருமாள்கோவில் – ஸ்ரீபெரும்புதூர் மாநில நெடுஞ்சாலை, வண்டலூர் – வாலாஜாபாத் மாநில நெடுஞ்சாலை... ஊரே நெடுஞ்சாலைகளைச் சுற்றித்தான் வளர்ந்திருக்கிறது.

அடுத்து நடந்ததுதான் கூத்து. பல மாநிலங்கள் நெடுஞ்சாலையின் பெயரையே மாற்றி, அதை உள்ளூர்ச் சாலை ஆக்கின. தமிழ்நாட்டிலும் சாலைகளை உள்ளாட்சிகளுக்கு மாற்றும் முயற்சி நடந்து, சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. மெயின்ரோட்டில் மூடிய கடைகளோ தெருக்களுக்குள் இடம் தேடிக் கிளம்பின. குடியிருப்புக்கு நடுவே, வயலுக்கு நடுவே, பள்ளிக்குப் போகும் வழியில் புதிய கடைகள். மாநிலம் முழுக்கப் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் 2017 ஏப்ரல் 11 அன்று ஒரு போலீஸ் அதிகாரி போராடிய பெண்ணைக் கன்னத்தில் அறைந்த காட்சியை நாடே பார்த்தது.

அந்தப் பெண்களில் பெரும்பாலானவர்களுக்குக் கடை வரப்போகிற விஷயம் எப்போது தெரிந்தது? அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கும்போது! கடை எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டும் ஒரு பொது வரைபடம் அன்றைக்கு இருந்திருந்தால், போராட்டம் ஷட்டர் திறப்பதற்கு முன்பே, கலெக்டர் அலுவலகத்தில் மனுவாகத் தொடங்கியிருக்கும்.

இதற்கு நேர்மாறான உதாரணமும் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று பொதுமக்கள் பார்க்கும்படி ஒரு அரசு மேப் இல்லாதபோது, அருண் கணேஷும் நண்பர்களும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து ஒரு வரைபடம் போட்டார்கள். ஜனங்கள் தங்கள் தெருவைத் தொட்டுக் குறித்தார்கள். சில நாட்களில் ஆயிரக்கணக்கான தெருக்கள் அதில் ஏறின. அதைச் செய்தவர்கள் யாரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

வழக்கமான நாலு கேள்விகள்

'இது குடிக்கு விளம்பரம் ஆகிவிடாதா?' முதல் பத்தியை மறுபடி படிக்கவும். குடிக்கிறவருக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாதவர் கூகுளில் பார்ப்பார். விளம்பரம் என்று பயந்து இந்த மேப்பைத் தடுத்தால், விளம்பர மேப் மட்டும்தான் மிச்சம் இருக்கும்.

'கடையை மூடினால் கள்ளச்சாராயம் வரும்.' 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த சாராயம் எத்தனை குடும்பங்களை அழித்தது என்பது மறக்கக்கூடியதா? ஆனால் இந்த மேப் எந்தக் கடையையும் மூடச் சொல்லவில்லை. எங்கே இருக்கிறது, எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. அதைப் பார்த்து மூடத் தோன்றினால் அது மேப்பின் தவறா, இடத்தின் தவறா?

'இது அரசாங்கத்தின் வேலை.' ஆமாம். அரசிடம் தகவல் இல்லாமலா இருக்கிறது? ஒவ்வொரு கடைக்கும் எண் இருக்கிறது. தினசரி விற்பனைக் கணக்கு இருக்கிறது. பாட்டில் ஆலையிலிருந்து கிளம்பிக் கடையில் விற்கும் வரை கணினியில் பின்தொடர ரயில்டெல் நிறுவனத்தோடு ஒப்பந்தமே போட்டார்கள். பாட்டில் போகும் பாதை தெரிகிறது, பெண்கள் போகும் பாதைதான் தெரியவில்லை! 2023-24 நிதியாண்டில் டாஸ்மாக் மூலம் மாநிலத்துக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். விற்கிறவரே, தன் கடையின் குறையைக் காட்டும் மேப்பைப் போட்டுத் தருவார் என்று எதிர்பார்ப்பது நியாயமா? போதாக்குறைக்கு ஒரகடம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிறது, சிங்கபெருமாள்கோவில் 2019இல் பிரிந்த செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. ஒரே சாலை, இரண்டு கலெக்டர். அரசு மேப் போட்டாலும் மாவட்ட எல்லையில் நின்றுவிடும். கம்பெனி பஸ் அங்கே நிற்பதில்லை.

'கிராமசபையில் தீர்மானம் போட்டால் போதாதா?' போடட்டும், நல்லது. ஆனால் கிராமசபையில் உறுப்பினர் யார்? அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்கள். ஹாஸ்டலில் தங்கியிருக்கும் திண்டுக்கல் பெண்ணுக்கோ, தகரக் கொட்டகையில் இருக்கும் பீகார் தொழிலாளிக்கோ அங்கே ஓட்டு இல்லை. கடையால் அதிகம் பாதிக்கப்படுகிறவர்களுக்கு அதைப் பற்றிப் பேச ஒரு நாற்காலிகூட இல்லாத ஊர்கள் இவை. மேப்பில் புள்ளி வைக்க வாக்காளர் அட்டை தேவையில்லை. இந்தப் பகுதிக்கு இப்படி ஒரு மேப் வேண்டும் என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

போடக் கூடாத மேப்

இங்கே ஒரு எச்சரிக்கை. 'டாஸ்மாக்குக்கு மேப் போடுகிறோமே, அப்படியே கஞ்சா விற்கிற இடங்களையும் குறித்துவிட்டால் என்ன?' என்று யாராவது ஆரம்பிப்பார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்வார்கள். கூடவே கூடாது!

காரணம் எளிது. டாஸ்மாக் கடை ஒரு அரசுக் கடை. எண் இருக்கிறது, பலகை இருக்கிறது, போய்ப் பார்த்துச் சரிபார்க்கலாம். ராஜஸ்தானில், உத்தரப் பிரதேசத்தில் உரிமம் பெற்ற பாங்குக் கடைகள் இருக்கின்றன. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கஞ்சாச் செடியின் பூப்பகுதியைத் தடை செய்து, தனியாக இருக்கும் இலையை விட்டுவைத்ததால் வந்த ஏற்பாடு அது. ஜெய்சல்மரில் பாங்குக் கடை மேப் போட்டால் அதுவும் சரிபார்க்கக்கூடிய மேப்தான். தமிழ்நாட்டில் அப்படி உரிமம் பெற்ற கடை எதுவும் இல்லை. இங்கே 'கஞ்சா' என்று ஒரு புள்ளி வைத்தால் அது ஒரு கடையைக் குறிக்காது. ஒரு ஆளை, ஒரு அறையை, ஒரு டீக்கடையைக் குறிக்கும். உண்மையா என்று யார் போய்ப் பார்ப்பது? பிடிக்காத பக்கத்து வீட்டுக்காரன் மேல் புள்ளி வைக்க எத்தனை நேரம் ஆகும்?

அந்தப் புள்ளிகள் யார் மேல் விழும் என்பதையும் ஊகிக்கலாம். வட மாநிலத் தொழிலாளர்கள் தங்கும் லைன் வீடுகள் மேல்தான். வதந்தி என்ன செய்யும் என்று தமிழ்நாடு பார்த்துவிட்டது. 2018 மே மாதம், குழந்தை கடத்துகிறவர்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியால் திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். 2023 மார்ச்சில், வட மாநிலத்தவர் தாக்கப்படுகிறார்கள் என்ற பொய் வீடியோக்கள் பரவி, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து விசாரிக்க வேண்டியிருந்தது. இந்தப் பகுதியிலேயே, 2021 டிசம்பரில் ஒரு ஹாஸ்டல் சாப்பாட்டில் 250 பெண்களுக்கு மேல் உடல்நலம் கெட்டபோது, யார் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள் என்ற தகவல் கிடைக்காமல் 'செத்துப்போய்விட்டார்கள்' என்று வதந்தி பரவியது. பாக்ஸ்கான் தொழிலாளர்கள் பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். சரியான தகவல் இல்லாத இடத்தை வதந்தி நிரப்பும். மேப் அந்த வதந்தியைக் குறைக்க வேண்டும், அச்சடித்துக் கொடுக்கக் கூடாது.

கஞ்சா பற்றித் தெரிந்தால் போலீசுக்குச் சொல்லுங்கள். 2021 டிசம்பரிலிருந்து 'கஞ்சா வேட்டை' என்று தொடர்ச்சியாக நடத்தியவர்களுக்கு வழி தெரியாமல் இருக்காது. மேப்பில் மட்டும் வைக்காதீர்கள்.

சரி, எப்படிப் போடுவது?

1. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் போடலாம். 2004இல் தொடங்கியது, இலவசம், தகவல் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. இந்தியர்கள் தங்கள் ஊரை வரைபடமாக்க முன் அனுமதி தேவையில்லை என்று 2021 பிப்ரவரியில் மத்திய அரசே வழிகாட்டுதல் வெளியிட்டது. ராணுவ இடங்கள் மாதிரியான தடை செய்யப்பட்டவற்றைத் தொடாமல் இருந்தால் போதும்.

2. புள்ளிக்குக் கடை எண், பார்த்த தேதி இரண்டும் கட்டாயம். தேதி இல்லாத புள்ளி ஆறு மாதத்தில் பொய்யாகிவிடும். 2023 ஜூன் 22 அன்று ஒரே நாளில் 500 கடைகள் மூடப்பட்டன என்பதை நினைவில் வையுங்கள்.

3. கடையை மட்டும் குறித்தால் அது இன்னொரு கூகுள் மேப். பள்ளி வாசல், வளாக எல்லை, கோயில், ஹாஸ்டல் கேட், பஸ் நிற்கும் இடம், தெருவிளக்கு எல்லாம் சேர்ந்தால்தான் மேப்புக்கு அர்த்தம் வரும்.

4. செல்போன் ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே சில மீட்டர் தவறும், கட்டடங்களுக்கு நடுவே இன்னும் அதிகம் தவறும். 50 மீட்டர் சண்டையில் பத்து மீட்டர் என்பது தீர்ப்பையே மாற்றிவிடும். எல்லைக் கோட்டில் நிற்கும் கடைகளுக்கு டேப் பிடித்து அளக்கவும். நேர்கோட்டுத் தூரம், நடக்கும் தூரம் இரண்டையும் எழுதவும்.

5. 'இங்கே தொல்லை அதிகம்' என்பது கருத்து. அது ஓபன்ஸ்ட்ரீட்மேப்புக்குள் போகக் கூடாது. யூமேப் மாதிரியான ஒன்றில் தனி அடுக்காக வைக்கலாம். ஒரே இடத்தைப் பற்றி இரண்டு பேராவது தனித்தனியாகச் சொன்ன பிறகு ஏற்றலாம்.

6. குடிக்கிறவர் முகம், வண்டி எண் எதுவும் போட்டோவில் வரக் கூடாது. கடை ஊழியர் முகமும் கூடாது. அவரும் இந்தப் பகுதியின் தொழிலாளிதான், இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் அவர் அல்ல. ஹாஸ்டல் கேட்டைக் குறிக்கலாம், உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது வேண்டாம். பெண்களுக்காகப் போடும் மேப் பெண்களைத் தேடுகிறவனுக்கு உதவிவிடக் கூடாது. பெயர்ப்பலகை இல்லாத ஹாஸ்டல்களை, அங்கே இருக்கும் பெண்களைக் கேட்காமல் குறிக்கவே வேண்டாம்.

7. தமிழில் மட்டும் போதாது. ஹிந்தியிலும் ஒடியாவிலும் பெயர்கள் ஏறட்டும். பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் குடியை விட உதவி எங்கே கிடைக்கும் என்பதும் அதே மேப்பில் இருக்கட்டும். குடிக்கிறவருக்கும் வரைபடம் தேவைப்படும் ஒரே இடம் அதுதான்!

பத்து ரூபாய்

எம்ஆர்பிக்கு மேல் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் வாங்குகிறார்கள் என்று டாஸ்மாக் வாடிக்கையாளர்கள் பல ஆண்டுகளாகப் புலம்புகிறார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடவும் அதே பத்து ரூபாய்தான். இந்தப் பகுதியில் ஒவ்வொரு கடை இடத்துக்கும் எந்தத் தேதியில் அனுமதி, எங்கிருந்து எங்கே அளந்தார்கள், அந்த சர்வே எண் 'தொழிற்பகுதி' என்று எப்போது குறிக்கப்பட்டது என்று மூன்று கேள்வி கேட்கலாம். வருகிற பதிலை மேப்பில் அந்தந்தப் புள்ளியோடு ஒட்டிவிடலாம். ஜனங்கள் அளந்த எண்ணும் அதிகாரிகள் அளந்த எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும். பொருந்தினால் சந்தோஷம். பொருந்தாவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர்கள் சொல்லட்டும்.

மே 1 அன்றும் கிராமசபை கூடுகிறது. உழைப்பாளர் தினம். ஓட்டு இல்லாத உழைப்பாளிகள் குறித்த புள்ளிகளை ஒரு பெரிய தாளில் அச்சடித்து, ஓட்டு உள்ள யாராவது ஒருவர் அந்தக் கூட்டத்தில் விரித்து வைக்கலாமே. இத்தனை காரும் இத்தனை போனும் செய்து உலகத்துக்கே அனுப்புகிற கைகளுக்கு, ஒரு மேப் போடுவது அத்தனை கஷ்டமா என்ன?